கொடுத்தால் தானம்; எடுத்தால் திருட்டு!

அடுத்த வீட்டுக் கொல்லையில் புகுந்து அண்டாவைத் தூக்கிக் கொண்டு போனால் அதற்குப் பெயர் திருட்டு. இது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

ஒருவர் பாடுபட்டு எழுதிய புத்தகத்தை, இன்னொருவர் இரவு பகலாக உழைத்துச் செய்த வீடியோ பாடத்தை, காசு கொடுக்காமல் செல்போனில் இறக்கி, நாலு பேருக்கு அனுப்பினால் அதற்குப் பெயர் என்ன?

"பார்வேர்டு" என்கிறார்கள்!

பெயர் நாகரிகமாக இருக்கிறது. செயல் எப்படி? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

தொட முடியாத சரக்கு

கடையில் விற்கும் சரக்கைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். இன்று தொட முடியாத சரக்கும் விற்பனைக்கு வந்து விட்டது. செல்போனில் படிக்கும் புத்தகம், வீடியோவில் வரும் சமையல் பாடம், பரீட்சைக் குறிப்பு, கம்ப்யூட்டரில் தட்டும் எழுத்து வகை, பாட்டு, விளையாட்டு. இவற்றை எல்லாம் "டிஜிட்டல் பொருள்" என்று சொல்கிறார்கள்.

இந்த வியாபாரத்துக்குக் கடை வாடகை வேண்டாம். பெரிய முதல் வேண்டாம். அறிவும் உழைப்பும் இருந்தால் போதும். வீட்டில் இருந்தபடியே செய்து விற்கலாம். கிராமத்தில் இருப்பவரும் விற்கலாம். அடுப்பங்கரையை விட்டு வெளியே போக முடியாத பெண்களும் நாலு காசு பார்க்கலாம். இது நல்ல காலம்தான். ஆனால் இந்த நல்ல காலத்துக்கு ஒரு எமன் இருக்கிறான். அவன் பெயர் திருட்டு நகல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தையல் தெரிந்த ஒரு அம்மாள் இருக்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். ரவிக்கை தைப்பது எப்படி என்று 30 வீடியோ பாடம் எடுக்கிறார். ஒரு பாடத்துக்கு ஒரு நாள் போகிறது. துணி வாங்க வேண்டும். வெளிச்சத்துக்கு விளக்கு வாங்க வேண்டும். தப்பு வந்தால் மறுபடியும் எடுக்க வேண்டும். எல்லாம் முடிந்து 300 ரூபாய் விலை வைக்கிறார். 100 பேர் வாங்கினால் 30 ஆயிரம் ரூபாய் கிடைக்கும்.

முதலில் 10 பேர் வாங்குகிறார்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவர், 30 பாடத்தையும் ஒரு டெலிகிராம் குழுவில் போட்டு விடுகிறார். குழுவில் ஆயிரம் பேர். அவ்வளவுதான். பதினோராவது ஆள் வரவே இல்லை!

ஒரு மாத உழைப்புக்கு அந்த அம்மாளின் கையில் 3 ஆயிரம் ரூபாய். துணிக்கும் விளக்குக்கும் கொடுத்தது போக, மிஞ்சியது கைவலிதான். அடுத்து சுடிதார் பாடம் எடுப்பாரா? எடுக்க மாட்டார்.

இது கணக்குக்காகச் சொன்ன கதை. ஆனால் கணக்கு பொய் இல்லை.

"அண்டா அங்கேயே இருக்கிறதே!"

சிலர் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "அண்டாவை எடுத்தால் வீட்டுக்காரருக்கு அண்டா இல்லாமல் போகும். வீடியோவை நகல் எடுத்தால் அசல் அங்கேயே இருக்கிறதே! யாருக்கு என்ன நஷ்டம்?"

கேள்வி சாமர்த்தியமானது. பதிலும் இருக்கிறது.

இந்தச் சரக்கில் செலவு முழுவதும் முதல் பிரதியில்தான். இரண்டாவது பிரதிக்குச் செலவே இல்லை. முதல் பிரதிக்கு ஆன செலவை, வாங்குகிற நூறு பேரும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள். அதனால்தான் 30 ஆயிரம் பெறும் உழைப்பு உங்களுக்கு 300 ரூபாய்க்குக் கிடைக்கிறது. திருட்டு நகல் எடுப்பவர் தன் பங்கைக் கொடுக்காமல் நழுவுகிறார். பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து சாப்பிட்டு விட்டு, மொய் எழுதும் நேரத்தில் கொல்லைப்புறமாகப் போகிற ஆசாமியைப் போல!

எல்லோரும் கொல்லைப்புறமாகப் போனால் விருந்து வைப்பது யார்?

அந்தக் காலத்தில் ஒரு புத்தகத்தைத் திருட்டுத்தனமாகப் போட வேண்டுமானால் அச்சு எந்திரம் வேண்டும். காகிதம் வேண்டும். மூட்டை கட்டி அனுப்ப வண்டி வேண்டும். அதனால் திருடர்கள் குறைவு. பிடிப்பதும் சுலபம். இன்று ஒரு விரல் போதும். அதனால் நல்லவர்கள் கூட, திருடுகிறோம் என்று தெரியாமலே திருடுகிறார்கள். வேதனை இங்கேதான் இருக்கிறது.

பழைய வழக்கு

இது புதிய சண்டை அல்ல. எழுதியவருக்கே உரிமை என்று முதன் முதலில் சட்டம் செய்தது இங்கிலாந்து. ஆண்டு 1710. புதுப் புத்தகத்துக்கு 14 ஆண்டு உரிமை. ஆசிரியர் உயிரோடு இருந்தால் மேலும் 14 ஆண்டு.

கம்ப்யூட்டர் வந்த பிறகும் இதே சண்டை எழுந்தது. 1976-ம் ஆண்டு. பில் கேட்சுக்கு அப்போது 20 வயது. "ஆல்டேர்" என்ற சின்ன கம்ப்யூட்டருக்காக அவரும் நண்பர்களும் ஒரு நிரல் எழுதி விற்றார்கள். நிரல் என்றால் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் கட்டளைத் தொகுப்பு. அது காகித நாடாவில் துளை போட்டு வரும். ஒருவர் வாங்கினார், பலர் நாடாவை நகல் எடுத்துக் கொண்டார்கள். ஆல்டேர் வைத்திருப்பவர்களில் பத்தில் ஒருவர் கூட விலைக்கு வாங்கவில்லை என்று மனம் நொந்து, அவர் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். காசு வராவிட்டால் நல்ல நிரலை யார் எழுதுவார்கள் என்பதே அந்தக் கடிதத்தின் சாரம்.

பின்னால் அவர் உலகப் பணக்காரர் ஆகி விட்டார். அதனால் அவர் கேட்ட கேள்வி பொய் ஆகி விடுமா? அவர் தாங்கிக் கொண்டார். நம் ஊர் தையல் அம்மாள் தாங்குவாரா?

தானம் செய்த பெரியோர்

"அறிவை விற்கலாமா? இலவசமாகக் கொடுக்க வேண்டாமா?" என்று கேட்பவர்களும் உண்டு.

கொடுக்கலாம். தாராளமாகக் கொடுக்கலாம். கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 1991-ல் "லினக்ஸ்" என்ற நிரலை எழுதி உலகத்துக்குக் கொடுத்தார். இன்று உலகத்தின் பெரிய கம்ப்யூட்டர்கள் பல அதில்தான் ஓடுகின்றன. நாம் பார்க்கும் இணையத்தின் "வெப்" முறையை உருவாக்கியவர் டிம் பெர்னர்ஸ் லீ. அதை எல்லோரும் காசு இல்லாமல் பயன்படுத்தலாம் என்று, அவர் வேலை பார்த்த "செர்ன்" ஆராய்ச்சி நிலையம் 1993-ல் அறிவித்தது.

தமிழுக்கும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. 1998 பொங்கல் அன்று "மதுரைத் திட்டம்" தொடங்கியது. உலகம் முழுவதும் உள்ள தமிழர்கள் கூலி வாங்காமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். யாரும் படிக்கலாம்.

பாரதியார் பாடல்களின் கதையும் தெரிந்து கொள்ள வேண்டியது. 1949-ல் அரசாங்கம் அந்த உரிமையைத் தன் வசம் எடுத்துக் கொண்டது. சும்மா எடுக்கவில்லை. கவிஞரின் குடும்பத்துக்குப் பணம் கொடுத்தது. பிறகு பாடல்களை மக்கள் சொத்து ஆக்கியது. நாட்டை ஆளும் அரசாங்கமே உரியவருக்குக் கொடுத்து விட்டுத்தான் பொதுவாக்கியது!

இந்தக் கதைகளில் எல்லாம் ஒன்றைக் கவனியுங்கள். கொடுக்கலாம் என்று முடிவு செய்தவர்கள், கொடுக்கும் உரிமை உள்ளவர்கள். ஊரார் சொத்தை எடுத்து ஊருக்கு வழங்கி விட்டு, "நான் சேவை செய்கிறேன்" என்று ஒருவர் மார் தட்டினால் அது தானம் ஆகாது. கொடுத்தால் தானம், எடுத்தால் திருட்டு!

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டம் செய்யப்பட்டது 1957-ல். "காப்பிரைட்" என்பது இதுதான். காலத்துக்கு ஏற்ப அதைத் திருத்தி இருக்கிறார்கள். 2012-ல் செய்த திருத்தம் டிஜிட்டல் பொருளுக்கும் காவல் போட்டது.

அந்தச் சட்டத்தில் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து கொள்ள வேண்டியவை இவை:

உரிமை தானாகவே வருகிறது. நீங்கள் ஒரு கதை எழுதினால், எழுதி முடித்த உடனே உரிமை உங்களுக்கு. பதிவு செய்தால்தான் உரிமை என்பது இல்லை.

எழுதியவர் வாழும் வரையிலும், அவர் மறைந்த பிறகு 60 ஆண்டும் உரிமை உண்டு. முன்பு இது 50 ஆண்டாக இருந்தது. 1941-ல் மறைந்த தாகூரின் நூல்களுக்கு உரிமை முடியும் சமயத்தில் 60 ஆக உயர்த்தினார்கள். காலம் முடிந்து விட்டால் அந்த நூல் எல்லோருக்கும் சொந்தம்.

தெரிந்தே இந்த உரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை ஜெயில். 50 ஆயிரம் ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாப நோக்கம் இல்லாமல் செய்திருந்தால் கோர்ட்டு தண்டனையைக் குறைக்கலாம். "நான் காசு வாங்கவில்லையே" என்று சொன்னால் குற்றமே இல்லை என்று ஆகி விடாது.

இது போலீசார் நேரடியாக வழக்குப் போடக்கூடிய குற்றம். ஜாமீன் கேட்டால் உரிமையாகக் கிடைக்காத குற்றம் என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

உரிமையை மீறும் எண்ணத்தோடு டிஜிட்டல் பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை ஜெயில். ஒரு படைப்பில் உள்ள உரிமைக் குறிப்பை, அதாவது ஆக்கியவர் பெயர் முதலான விவரத்தை, தெரிந்தே அழித்தாலும் 2 ஆண்டு வரை ஜெயில். பெயரை வெட்டி விட்டுத் தன் பெயரை ஒட்டும் பேர்வழிகள் இதை மனதில் வைக்க வேண்டும்.

சினிமா கொட்டகையில் திருட்டுத்தனமாகப் படம் பிடிப்பவர்களுக்கு 2023-ல் தனியாகக் கடுமையான சட்டம் வந்திருக்கிறது. 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை ஜெயில். அபராதம் 3 லட்சம் ரூபாயில் தொடங்குகிறது.

எது திருட்டு அல்ல?

பயந்து போய் எதையுமே தொடக்கூடாது என்று நினைக்க வேண்டாம். சட்டம் நியாயமாகவும் இருக்கிறது.

உங்கள் சொந்தப் படிப்புக்காக ஒரு நூலில் இருந்து நியாயமான அளவு நகல் எடுத்துக் கொள்ளலாம். விமர்சனம் எழுதும்போது சில வரிகளை எடுத்துக் காட்டலாம். விலைக்கு வாங்கிய கம்ப்யூட்டர் நிரல் கெட்டுப் போனால் என்ன செய்வது என்று, காப்புக்கு ஒரு பிரதி வைத்துக் கொள்ளலாம். வாத்தியார் வகுப்பில் பாடம் நடத்தும்போது பயன்படுத்தலாம். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பாடத்துக்கு வேண்டிய பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்ததை எதிர்த்துப் பெரிய பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. 2016-ல் டெல்லி ஐகோர்ட்டு மாணவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

இன்னொன்று. சட்டம் காப்பாற்றுவது செய்த பொருளை; எண்ணத்தை அல்ல. ரவிக்கை தைக்கும் கலை யாருக்கும் சொந்தம் இல்லை. தையல் அம்மாளின் பாடத்தைக் காசு கொடுத்துப் பார்த்து, தொழிலைக் கற்று, நீங்களே உங்கள் சொந்தப் பேச்சில் புதுப் பாடம் எடுத்து விற்கலாம். அவர் எடுத்த வீடியோவை விற்கத்தான் கூடாது.

செய்பவர்கள் கவனிக்க!

வீட்டில் இருந்து டிஜிட்டல் பொருள் செய்து விற்பவர்களுக்கு ஐந்து யோசனைகள்:

ஒன்று: அசலைப் பத்திரமாக வையுங்கள். வெட்டி ஒட்டாத மூல வீடியோ, கையால் எழுதிய முதல் குறிப்பு, தேதி உள்ள கோப்பு எதையும் அழிக்காதீர்கள். நாளைக்கு வழக்கு வந்தால் அவைதான் சாட்சி.

இரண்டு: ஒவ்வொரு பொருளிலும் உங்கள் பெயரையும் ஆண்டையும் போடுங்கள். "அனுமதி இல்லாமல் பகிரக் கூடாது" என்று எளிய தமிழில் எழுதுங்கள். தெரியாமல் செய்பவர்கள் பாதிப் பேராவது நிற்பார்கள்.

மூன்று: முக்கியமான படைப்பைப் பதிவு செய்யுங்கள். பதிப்புரிமை அலுவலகம் டெல்லியில் இருக்கிறது. இணையம் வழியாகவே விண்ணப்பம் அனுப்பலாம். பதிவு கட்டாயம் அல்ல. ஆனால் கோர்ட்டில் அது நல்ல ஆதாரம்.

நான்கு: எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கொடுக்காதீர்கள். முதல் பாடத்தை இலவசமாகக் காட்டுங்கள். மற்றதை வாங்கியவருக்கு மட்டும் திறந்து விடுங்கள். புத்தகமானால் ஒவ்வொரு பக்கத்திலும் வாங்கியவர் பெயர் மங்கலாகத் தெரியும்படி அச்சிட்டுக் கொடுக்கலாம். தன் பெயர் உள்ள பக்கத்தை ஊருக்கு அனுப்ப யாருக்கும் கை கூசும்.

ஐந்து: திருட்டு நடந்தால் அழுது கொண்டு உட்காராதீர்கள். திருட்டு நகல் இருக்கும் பக்கத்தைத் தேதி தெரியும்படி படம் எடுங்கள். அதன் முகவரியைக் குறித்துக் கொள்ளுங்கள். அந்தத் தளத்துக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 2013-ம் ஆண்டு விதிப்படி, முறையான புகார் வந்தால் 36 மணி நேரத்துக்குள் அவர்கள் அதை மறைக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். அந்தத் தடை 21 நாள் வரைக்கும்தான். அதற்குள் நீங்கள் கோர்ட்டு உத்தரவு வாங்கிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் மறுபடியும் திறந்து விடலாம். யூடியூப் போன்ற பெரிய தளங்களில் புகாருக்கு என்றே தனிப் படிவம் இருக்கிறது.

விலையும் ஒரு பூட்டு

விற்பவர்களுக்கு இன்னும் ஒரு சொல். பூட்டை மட்டும் நம்பாதீர்கள்.

அமெரிக்காவில் 1999-ல் "நாப்ஸ்டர்" என்று ஒன்று வந்தது. பாட்டுகளை ஒருவருக்கு ஒருவர் காசு இல்லாமல் நகல் எடுத்துக் கொண்டார்கள். இசைக் கம்பெனிகள் வழக்குப் போட்டு 2001-ல் அதை நிறுத்தின. திருட்டு நின்றதா? நிற்கவில்லை. வேறு சந்து வழியாக ஓடியது. 2003-ல் ஆப்பிள் கம்பெனி ஒரு பாட்டு 99 சென்ட் என்று விற்கத் தொடங்கியது. முதல் வாரத்திலேயே 10 லட்சம் பாட்டுகள் விற்றன!

நியாயமான விலைக்கு, சுலபமாகக் கிடைத்தால் ஜனங்கள் வாங்குகிறார்கள். ஐநூறு ரூபாய் கொடுக்க முடியாதவர் ஐம்பது ரூபாய் கொடுப்பார். பத்துப் பாடத்தைப் பத்தாகப் பிரித்து விற்றால் ஏழை வீட்டுப் பிள்ளையும் வாங்கும். இதைப் படைப்பாளிகள் யோசிக்க வேண்டும்.

ஆனால் விலை அதிகம் என்பது திருட்டுக்கு அனுமதிச் சீட்டு ஆகாது. கடையில் பட்டுச்சேலை விலை அதிகம் என்றால், வாங்காமல் வருவோம். சுருட்டிக் கொண்டு வர மாட்டோம்.

போலீசார் நுழைய முடியாத இடம்

சட்டம் இருக்கிறது. பூட்டு இருக்கிறது. பிறகு ஏன் திருட்டு நடக்கிறது?

வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பும் செய்தி பூட்டிய பெட்டியைப் போல. அனுப்பியவரும் பெறுபவரும்தான் பார்க்க முடியும். நடுவில் அந்தக் கம்பெனி கூடப் படிக்க முடியாது. இது நம் குடும்ப ரகசியத்துக்கு நல்ல காவல். அதே பெட்டியில்தான் திருட்டுப் புத்தகமும் போகிறது. ஒவ்வொரு வீட்டுக் குழுவிலும் ஒரு போலீஸ்காரரை நிறுத்த முடியுமா? நிறுத்தவும் கூடாது.

ஆகவே அங்கே காவல் காக்க வேண்டியது நம் மனசாட்சிதான்.

குழுவில் ஒரு புத்தகம் வருகிறது. உடனே அடுத்தவருக்குத் தள்ளாதீர்கள். "இது யார் எழுதியது? விலைக்கு இருக்கிறதா? எழுதியவர் இலவசமாகக் கொடுத்தாரா?" என்று கேளுங்கள். விலைக்கு இருக்கிறது என்றால், புத்தகத்துக்குப் பதில் அது கிடைக்கும் இடத்தைச் சொல்லி அனுப்புங்கள். அது உங்களுக்கும் பெருமை, எழுதியவருக்கும் சோறு.

காசு இல்லையா? வெட்கப்பட வேண்டாம். ஊர் நூலகம் இருக்கிறது. சென்னையில் கன்னிமாரா இருக்கிறது. அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. இணையத்தில் மதுரைத் திட்டம் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் இருக்கிறது. ஆயுள் முழுவதும் படித்தாலும் தீராத நூல்கள் அங்கே காசு இல்லாமல், களவும் இல்லாமல் கிடைக்கின்றன.

திருட்டுத் தளங்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. "இலவசச் சினிமா" என்று காட்டி, கெட்ட நிரலை உங்கள் செல்போனில் இறக்கி விடுவார்கள். அது உங்கள் ரகசிய எண்ணைத் திருடும். வங்கிப் பணத்துக்கு வேட்டு வைக்கும். திருடனிடம் சரக்கு வாங்கப் போனால், அவன் நம் மடியிலும் கை வைப்பான்!

தமிழுக்கு வரும் நஷ்டம்

"ஆங்கிலத்தில் எவ்வளவு நல்ல பாடங்கள் இருக்கின்றன! தமிழில் இல்லையே!" என்று குறைப்படுகிறோம். ஏன் இல்லை? செய்பவருக்குக் கூலி கிடைத்தால்தான் அடுத்தது செய்வார். ஆங்கிலப் பாடத்துக்கு உலகம் முழுவதும் ஆள் இருக்கிறது. பத்துப் பேர் திருடினாலும் நூறு பேர் வாங்குவார்கள். தமிழுக்கு வாங்குகிறவர் கூட்டம் சிறியது. அதிலும் பாதி களவு போனால், தமிழில் செய்ய யார் முன்வருவார்கள்? "தமிழ் வாழ்க" என்று சொல்கிற வாய், தமிழில் செய்தவருக்கு 50 ரூபாய் கொடுக்கச் சொல்லி கைக்கும் கட்டளை இட வேண்டும்.

பெற்றோரே, உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை படம் வரைகிறது. பாட்டுக் கட்டுகிறது. கம்ப்யூட்டரில் விளையாட்டு எழுதப் பழகுகிறது. நாளைக்கு அது தன் உழைப்பைச் சந்தைக்குக் கொண்டு வரும். அன்றைக்கு அதற்கு விலை கிடைக்குமா, களவு போகுமா என்பதை, இன்றைக்கு நம் செல்போனில் நாம் செய்யும் வேலைதான் தீர்மானிக்கிறது.

அடுத்த முறை விரல் "பார்வேர்டு" பக்கம் போகும்போது, ஒரு நிமிஷம் நில்லுங்கள். உரியவர் கொடுத்ததா என்று கேளுங்கள். கொடுத்திருந்தால் ஆயிரம் பேருக்கு அனுப்புங்கள். கொடுக்கவில்லை என்றால், அது உங்களோடு நிற்கட்டும்!